கிளாரினெட்காரரும் சேறு படாத ஷூவும்

என் ஓட்டக்காரி ஷீலாக்கா,

உன் நோட்டை ஒருவழியாக வாசித்து முடித்துவிட்டேன். எட்டு மாதம் பிடித்தது. சிரிக்காதே. நீ எழுதியிருப்பது நம் வீட்டுத் தமிழ்தான், எழுத்து மட்டும் முழுக்க மலையாளம். கேரளத்தில் பாறசாலைப் பக்கம் வந்து பதினெட்டு வருடம் ஆகியும் பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்குத்தான் எனக்கு அந்த எழுத்து தெரியும். அதுவும் பஸ் நின்றுகொண்டிருந்தால்.

நீ திருப்புறத்தில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் எல்லையில் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டி, குளத்தூர் போகிற ரோட்டில் ஒரே முற்றத்தில் எதிரெதிர் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். பேச்சில் நமக்கு ஒரு வித்தியாசமும் இருந்ததில்லை. ஆனால் நீ எழுதியதை நான் வாசிக்க முடியாது, நான் எழுதியதை நீ வாசிக்க முடியாது. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான்.

மகள் அனு ஒன்றாம் வகுப்பில் படித்த மலையாள அட்சரப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உன் நோட்டை எழுத்து எழுத்தாக உரக்கச் சொல்லிக் கூட்டினேன். வரி முடிகிற இடத்தில் திடீரென்று உன் குரல் வந்துவிடும். முதல் நாள் பயந்துபோய் நோட்டை மூடிவிட்டேன். நான் அடுக்களையில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்து, ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்து, உன் கொழுந்தன் இரண்டு வாரம் பூனை மாதிரி நடந்தார்.

இவ்வளவு பாடுபட்டு வாசித்ததற்குக் காரணம் உண்டு. எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது. நான் உன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

நம் கதை தெரியாதவர்களும் இந்தக் கடிதத்தைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

ஷீலாக்கா பஸ் கண்டக்டர். பகலெல்லாம் ஓடுகிற பஸ்ஸில் நின்றுவிட்டு, அது போதாதென்று காலை ஐந்தரைக்குத் தானும் ஓடுகிறவள். பதினோரு வருடம். சுடிதாரும் ஷூவுமாக நீ ஓட ஆரம்பித்த புதிதில், அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "எங்க சேச்சி தீ பிடிச்சு கெடக்கு?" என்று கேட்டாளாம். "ஒனக்க அடுக்களையிலதான், போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு நீ நிற்காமல் ஓடினாயாம். இதை நீயே எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய்.

என் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தில் சர்க்கரை கூடியிருந்ததைப் பார்த்த அன்றைக்கு என்னையும் பிடித்துக்கொண்டாய். "நாளைக்கு நீயா வாறியா, இல்ல நான் வந்து இழுக்கணுமா?" என்றாய். மறுநாள் இழுத்தாய். ரப்பர் தோட்டத்து இறக்கம், பள்ளிக்கூட மதில், தண்ணீர் போகிற சானல் கரை, பெரிய அயினி மரம், அதைத் தாண்டி வளைவு. வளைவில் திரும்பி வீட்டுக்கு. அதுவரை உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இறக்கத்தில் ஓடும்போது மூச்சை மிச்சம் பிடிப்பதற்காக 'நீ' என்று ஆக்கினேன். நீ அதைக் கவனித்தாயா என்று கேட்க நினைத்தேன், கேட்டதில்லை.

எனக்கு என்று சொந்தமாக ஒரு மணி நேரம்தான் ஒரு நாளில் உண்டு. ஐந்தரை முதல் ஆறரை. அதற்குப் பிறகு சமையல், அனுவின் டியூஷன், பாறசாலைக்கு பஸ், லேபில் மாலை வரை ஊசியும் குப்பியும். நான் கதை எழுதுகிற நேரமும் அந்த ஒரு மணி நேரம்தான். ஓடினால் கதை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். எழுதினால் நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய்.

சரி, முறை வைத்துக்கொள்வோம் என்று ஒரு அட்டவணை போட்டேன். திங்கள், புதன், வெள்ளி ஓட்டம். மற்ற நாள் எழுத்து. கட்டம் போட்ட தாள், சிவப்பு மையில் தலைப்பு, ஓட்டத்துக்குப் பச்சை, எழுத்துக்கு நீலம். வரைந்து முடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் ஓடவும் இல்லை, எழுதவும் இல்லை. நீ அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொள்ளாம், நல்லா இருக்கு. இத வரைஞ்ச நேரத்துல கன்னியாகுமரி வரைக்கும் ஓடிட்டு வந்திருக்கலாம்" என்றாய்.

என் அலமாரித் தட்டைப் பார்த்தாலே உனக்குச் சிரிப்பு. பேனாக்கள் ஒரு பக்கம், மைக்குப்பிகள் ஒரு பக்கம், எழுதாத நோட்டுகள் முப்பத்தொன்று. பாறசாலைக் கடைக்காரர் என்னைக் கண்டதும், "சேச்சி, புதிய புக்கு வன்னிட்டுண்டு" என்பார், புது நோட்டு வந்திருக்கிறதாம். எனக்குக் கால் நகராது. தாளைத் தடவிப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன், வாங்கி வந்து தட்டில் அடுக்குவேன். பச்சைத் துணி அட்டை போட்ட ஒரு நோட்டை மட்டும் ஆறு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தேன், நல்ல கதை ஒன்று வரட்டும் என்று. "இதுகளுக்கெல்லாம் மாப்பிள்ளை பாக்கியா?" என்று நீ கேட்பாய். உனக்கு டிரிப் ஷீட் எழுதுகிற பென்சில் துண்டு போதும். அதைக் காதில் செருகிக்கொண்டே ஓடவும் செய்வாய்.

என் கதைகளில் மூன்று அச்சில் வந்தன. ஒவ்வொன்று வந்தபோதும் பத்திரிகையை வாங்கித் தலைப்புக்குக் கீழே விரல் வைத்து, "இது ஒனக்க பேராக்கும்?" என்று கேட்பாய். பிறகு, "வாசிச்சுக் காட்டு" என்பாய். "பிறகு வாசிக்கேன் அக்கா" என்பேன். எனக்குக் கூச்சம். அச்சில் வந்தால் முன்பின் தெரியாத ஆள் படிப்பார், பரவாயில்லை. நீ எதிரில் உட்கார்ந்து கேட்டால் எந்த இடத்தில் சிரிப்பாயோ என்று பயம். அந்தப் 'பிறகு' வரவே இல்லை, அக்கா. இதை நினைத்தால் இப்போதும் என் மீது எனக்கே ஆத்திரம் வருகிறது.

அப்புறம் உனக்கு வயிற்றில் நோய் வந்தது. திருவனந்தபுரத்துக்குப் போவதும் வருவதுமாக இரண்டு மாதம் கழிந்தபோது உன் கட்டிலை முன்னறை ஜன்னலோரம் போட்டார்கள். "எனக்கு இனி ஓட ஒக்காது. நீ ஓடு. ஓடிட்டு வந்து ரோட்டு வர்த்தமானம் முழுசும் எனக்குச் சொல்லணும்" என்றாய். ஒரு நோட்டும் கேட்டாய். மறந்து போகிறது, குறித்து வைக்க வேண்டும் என்றாய்.

நான் அலமாரி முன்னால் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? பச்சை நோட்டின் மேல் கை போனது. எடுக்கவில்லை. மை வைத்தால் மறுபக்கம் ஊறுகிற மெல்லிய தாள் நோட்டு ஒன்று கிடந்தது, வாங்கி ஏமாந்தது. அதைக் கொண்டுவந்து தந்தேன். நீ பென்சிலில் எழுதுகிறவள், உனக்கு ஊறாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மூன்று வாரம் உண்மையாகவே ஓடினேன். யார் வீட்டில் கல் இறக்கியிருக்கிறார்கள், எந்த வாழை குலை தள்ளியிருக்கிறது, எந்த நாய் குரைத்தது, எல்லாம் வந்து ஒப்பித்தேன். ஆனால் நீ இல்லாமல் தனியாக ஓடுவது பிடிக்கவில்லை. பக்கத்தில் உன் ஷூச் சத்தம் இல்லாதது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒருநாள் நல்ல மழை. சானல் கரைக்கு முன்னால் உள்ள பஸ் ஸ்டாப்பில் ஒதுங்கினேன். உனக்குச் சொல்ல வேண்டியதைக் குறிக்க இடுப்பில் பிளாஸ்டிக் கவரில் நோட்டும் பேனாவும் வைத்திருந்தேன். கதையில் ஐந்து பக்கம் எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தபோது ஆறரை.

நம் முற்றத்துக் குழாயில் முகத்தையும் கழுத்தையும் நனைத்துக்கொண்டு உன் முன்னால் வந்து மூச்சு வாங்கினேன். "என்ன உண்டு விசேஷம்?" என்றாய். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. "அந்த வளைவுல ஒரு வீட்டுல யாரோ கிளாரினெட் வாசிக்காவ அக்கா" என்று வாயில் வந்துவிட்டது. ஏன் கிளாரினெட்? இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

"எந்த வீட்டுல?"

"நீல கேட்டு போட்ட வீட்டுல."

"என்ன பாட்டு?"

"பாட்டு இல்ல. சும்மா மேலயும் கீழயும் ஏறி இறங்குது."

நீ நோட்டை எடுத்து எழுதினாய். மறுநாள் நான் வாசலில் கால் வைத்ததுமே, "அந்தாளு இண்ணைக்கும் வாசிச்சாரா?" என்றாய். பிறகு நான் எங்கே ஓடுவது? தினமும் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். என் கதை ஒரு பக்கம், கிளாரினெட்காரர் ஒரு பக்கம். அவருக்குத் தங்கையன் என்று பேர் வைத்தேன். பேண்ட் செட்டில் வாசிக்கிறவர், கல்யாணச் சீசன் முடிந்து வீட்டில் இருக்கிறார், மனைவி மஸ்கட்டில் நர்ஸ், காலையில் அவள் போனில் கேட்பதற்காகத்தான் வாசிக்கிறார். ஒரு நாள் கீர்த்தனை, ஒரு நாள் கல்யாணப் பாட்டு. நீ உன்னை மறந்து கேட்பாய். மருந்து வாடையடிக்கிற அந்த முன்னறையில் நாம் இரண்டு பேரும் தங்கையனின் குடும்பத்தைக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தோம்.

அவருக்குப் பல்வலி வந்து மூன்று நாள் வாசிக்கவில்லை என்று சொன்னபோது நீ பதறியே போனாய். "கிராம்பு வச்சு கடிக்கச் சொல்லு. கேட்டியா? ஓடிட்டே வெளிய நிண்ணு ஒரு சத்தம் குடு." சரி என்று தலையாட்டினேன்.

நீ நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிய ஒன்றும் இருந்தது. ரோடு அகலப்படுத்துகிறார்கள், அயினியில் சிவப்புப் பெயின்டில் நம்பர் போட்டிருக்கிறது என்று முன்பே பார்த்திருந்தோம். "அந்த அயினிய முறிச்சாச்சா?" என்று அடிக்கடி கேட்பாய். நான் அந்தப் பக்கமே போவதில்லை. "நிக்குது அக்கா. காய்ச்சிருக்கு" என்றேன். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்.

நான்கு மாதம் அப்படிப் போனது. கடைசியாக நாம் பேசிய காலையில், தங்கையன் இன்றைக்குப் பல் பிடுங்கப் போகிறார் என்று சொன்னேன். அன்று மத்தியானம் உன்னை மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நீ திரும்பி வரவில்லை.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து உன் வீட்டுக்காரர் ராஜன் அண்ணன் அந்த நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "இது சுஜாவுக்கு உள்ளதுன்னு சொன்னா. நான் வாசிக்கல்ல" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் வாசித்தவர் மாதிரி இருந்தது. கேட்கத் தைரியம் வரவில்லை. மாதக்கணக்கில் அது எழுதாத நோட்டுகளோடு நோட்டாகத் தட்டில் கிடந்தது. நான் ஓடவும் இல்லை, எழுதவும் இல்லை.

பிறகு திறந்தேன். முதல் பக்கங்களில் கல் இறக்கியது, வாழைக் குலை, நாய். என் மூன்று வார உண்மைகள். அதை வாசிக்கவே இரண்டு மாதம் ஆனது. அப்புறம் அந்த மழை நாள்.

"இண்ணைக்கு சுஜாக்க ஷூவுல சேறு இல்ல. மழையில சானல் கரையில ஓடுனா முட்டு வரைக்கும் செஞ்சேறு ஆவும். வெரல்ல மை உண்டு."

அவ்வளவுதான், அக்கா. முதல் நாளே உனக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஷூவைக் கழற்றிப் போடுகிற படி உன் ஜன்னலுக்கு நேர் கீழே. முகத்தை நனைக்கத் தெரிந்த எனக்கு ஷூவில் சேறு பூசத் தெரியவில்லை. கண்டக்டரிடம் டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றவள் மாதிரி ஆகிவிட்டேன். அந்த இடத்திலேயே நோட்டை மூடி வைத்தேன். அடுத்த வரிக்குப் போக ஒரு வாரம் ஆனது.

"எனக்க ரோட்ட இவ ஒரு எடத்துல இருந்தே ஓடித் தீக்கா. நாளைக்கு நல்லா கேக்கணும்."

கேள், அக்கா. கேட்டிருக்கலாமே. ஏன் கேட்கவில்லை? அதற்கும் மறுநாள் பக்கத்தில் பதில் இருந்தது.

"கேக்கல்ல. அந்த வளைவுல வீடே கெடையாது. பதினோரு வருசம் ஓடுன எனக்குத் தெரியாதா? ரப்பர் ஷெட்டுதான் உண்டு. ஆனா அந்தாளு நாளைக்கு என்ன வாசிப்பாருன்னு அறியணும்."

வளைவில் எப்போதும் குனிந்து மூச்சு வாங்கியே திரும்பிய நான், அங்கே வீடு உண்டா என்று பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாகத் தங்கையன்தான். நான் சொன்னதும் இருக்கிறது, நான் சொல்லாததும் இருக்கிறது. மனைவி மஸ்கட்டில் இல்லை, அவர் பொய் சொல்கிறார் என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறாய். அது எனக்குத் தோன்றவே இல்லையே! எப்படிக் கண்டுபிடித்தாய்? இன்னோரிடத்தில் என்னை நன்றாகவே குட்டியிருக்கிறாய்: நேற்றும் அதே கீர்த்தனை, இவள் வீட்டிலேயே யோசித்துவிட்டு வரக் கூடாதா என்று. நடுவில் ஒரு பக்கத்தில் ஒற்றை வரி, மற்ற எழுத்தை விடக் கொஞ்சம் பெரிதாக.

"இப்பமாக்கும் இவ எனக்கு வாசிச்சுக் காட்டுகா."

இதை எழுத்துக் கூட்டி முடித்ததும் நான் அழுத அழுகையில் அனு ஓடிவந்தாள்.

அயினியும் இருந்தது. "அயினிய முறிச்சாச்சுன்னு இவரு நேத்து சொன்னாரு. நிக்குதுன்னு சுஜா சொன்னா. ரெண்டு பேருல நான் சுஜாவ நம்புகேன்." இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது? என்னை மன்னித்துவிட்டாயா, அல்லது குத்திக் காட்டுகிறாயா? அல்லது உன்னால் பார்க்க முடியாத மரம் நிற்பதே மேல் என்று நினைத்தாயா? பென்சில் எழுத்தை விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன், தெரியவில்லை. எத்தனை நாள் உன் முகத்தைப் பார்த்துச் சொன்ன பொய் அது. கிளாரினெட்டுக்கு நான் வருத்தப்படவில்லை. அயினிக்கு வருத்தப்படுகிறேன்.

நோட்டில் கடைசியாக எழுதியிருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக் காலையில் எழுதியதாகத்தான் இருக்க வேண்டும்: "பல்லு எடுத்தாச்சா? பல்லு இல்லாம எப்பிடி ஊதுவாரு? கேக்கணும்." அதற்குப் பிறகு வெறும் தாள்.

உனக்கு இப்போது நடப்பைச் சொல்கிறேன். பதினோரு நாளாக மறுபடி ஓடுகிறேன். ஷூ விறைத்துப்போயிருந்தது, நானும் அப்படித்தான். முதல் நாள் பள்ளிக்கூட மதில் தாண்டவில்லை. ஐந்தாம் நாள் அயினி இருந்த இடத்துக்குப் போனேன். முறித்துவிட்டார்கள், அக்கா. வேரையும் தோண்டி எடுத்து மெட்டல் ஜல்லி போட்டு நிரப்பியிருக்கிறார்கள். அந்த இடத்தில் வெயில் நேராக ரோட்டில் விழுகிறது. உனக்கு நான் முதலில் சொல்ல வேண்டிய உண்மை இது. இதோ சொல்லிவிட்டேன்.

பச்சை நோட்டைத் திறந்துவிட்டேன். அதை பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஓடுகிறேன். இறக்கத்தில் நன்றாக இடிக்கிறது, அட்டையில் இப்போதே வியர்வைக் கறை. மைப்பேனாவை முதல் நாள் கொண்டுபோனேன். விரல் ஈரம் பட்டு எழுத்து முழுக்கப் பரவிவிட்டது. இப்போது உன் பென்சில் துண்டுதான், ராஜன் அண்ணனிடம் கேட்டு வாங்கினேன். வளைவு வரை ஓட்டம், அங்கே நின்று ஒரு பக்கம் எழுத்து, திரும்ப ஓட்டம். ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. சில நாள் அரைப் பக்கம்தான். ஒரு நாள் நின்று மூச்சு வாங்கியதோடு சரி. அட்டவணை எதுவும் வரையவில்லை, சத்தியமாக.

இந்தக் கடிதத்தையும் உன்னால் வாசிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால் உன் ஜன்னலுக்குக் கீழே அந்தப் படியில் உட்கார்ந்து முழுதும் உரக்க வாசிக்கப் போகிறேன். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் பார்க்கட்டும்.

உன் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இன்று காலை வளைவுக்குப் போனேன். ராத்திரி மழை பெய்திருந்தது. ரப்பர் ஷெட்டில் ஷீட்டுகள் தொங்கிக்கொண்டிருந்தன, நீ சொன்னது சரிதான், வீடு கிடையாது. முழங்காலில் கை ஊன்றி மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் நீல கேட் வந்தது. தங்கையன் பல் எடுத்துவிட்டார், மேல் வரிசையில் முன்பல். கிளாரினெட்டை வாயில் வைத்து ஊதினார். சத்தம் வரவில்லை, பல் போன சந்து வழியாக வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. மறுபடி ஊதினார், மறுபடியும் காற்று. வெட்கமே இல்லாமல் ஊதிக்கொண்டே இருந்தார். அவர் மனைவியைப் பற்றி நீ சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் பார்த்தேன், அக்கா. போன் மேஜையில் கிடந்தது, யாரும் கூப்பிடவில்லை. பிறகு யாருக்காக இந்த மனிதர் காலையில் ஊதுகிறார்?

அவருக்குப் பாட்டு திரும்ப வருகிற வரைக்கும் தினமும் அந்த வளைவுக்கு ஓடிப் போய் நிற்பேன், வந்து உன்னிடம் சொல்வேன். இது என் வாக்கு. சந்தேகம் இருந்தால் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொள். ஷூவைக் கழுவாமல் போட்டிருக்கிறேன், முட்டு வரைக்கும் செஞ்சேறு.

உன்னோடு ஓடி, உன்னிடம் பிடிபட்ட ஓரகத்தி,
சுஜா